ஆங்கிலத்தில் எண்ணும் அளவும்: தமிழர்கள் சறுக்கும் இடங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தின் காலங்களையும் வினைச்சொற்களையும் பிசகாமல் கையாளுகிறவர்கள்கூட, வாக்கியத்தில் ஓர் எண் வந்ததும் சறுக்கிவிடுகிறார்கள். "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்", "ஃபைவ் இயர்ஸ் ஓல்ட் பாய்", "ஒன் அண்ட் ஹாஃப் ஹவர்" போன்ற தொடர்களைப் பட்டம் பெற்றவர்களின் வேலை விண்ணப்பங்களிலேயே பார்க்கலாம். அக்கறைக் குறைவால் வரும் பிழைகள் அல்ல இவை. தமிழ் எண்ணும் விதமும் ஆங்கிலம் எண்ணும் விதமும் இரண்டு இடங்களில் முட்டிக்கொள்கின்றன. அந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் பெரும்பாலான பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கிவிடும்.

முதல் இடம், எண்ணுக்குப் பின்னால் வரும் பெயர். பத்து ரூபாய், மூன்று மாடு, ஐந்து நாள் என்கிறோம். எண்ணே பன்மையைச் சொல்லிவிடுவதால் 'கள்' விகுதி நமக்குக் கட்டாயமில்லை. மாடு வந்தது, மாடு வந்தன என்று ஒரே சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் வருவதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணம் வகுத்தே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. 'ஷீப்', 'டீர்' போன்ற ஒருசில சொற்களை விட்டுவிட்டால், ஒன்றைத் தாண்டியதும் பன்மை வடிவம் வந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது இடம் இதற்கு நேர்மாறானது. தகவல்கள், அறிவுரைகள், செய்திகள், சாமான்கள் என்று நாம் தாராளமாகப் பன்மையில் சொல்பவை பலவற்றுக்கு ஆங்கிலத்தில் பன்மையே இல்லை. எனவே தேவையான இடத்தில் 'எஸ்' விடுபடுகிறது, தேவையற்ற இடத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

முதல் படி: எண்ணலாமா, அளக்க வேண்டுமா?

எந்தப் பெயர்ச்சொல்லையும் எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நாற்காலியை எண்ணலாம். தண்ணீரை எண்ண முடியாது, லிட்டரில் அளக்கலாம். இதுவரை குழப்பமில்லை. நமக்கு எண்ணக்கூடியவையாகத் தோன்றி, ஆங்கிலத்தில் எண்ணக்கூடாத பட்டியலில் இருக்கும் சொற்கள்தான் தொல்லை தருகின்றன: இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், மெஷினரி, ஹோம்வொர்க், டிராஃபிக், ஜுவல்லரி. இவற்றோடு 'எஸ்' சேராது, முன்னால் 'எ', 'அன்' வராது, 'மெனி', 'ஃப்யூ', 'தீஸ்' ஆகியவையும் ஒட்டாது. "தீஸ் ஃபர்னிச்சர்ஸ்" தவறு, "திஸ் ஃபர்னிச்சர்" சரி. "மெனி இன்ஃபர்மேஷன்ஸ்" தவறு, "எ லாட் ஆஃப் இன்ஃபர்மேஷன்" சரி. பட்டியலில் அடிக்கடி தொல்லை தருபவை பத்துப் பதினைந்து சொற்கள்தான். மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது.

ஒன்று, இரண்டு என்று சொல்லியே தீர வேண்டுமானால் நடுவில் ஓர் அலகுச் சொல்லை நிறுத்த வேண்டும். "டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்", "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்". ரொட்டிக்கு "எ லோஃப் ஆஃப் பிரெட்", சோப்புக்கு "எ பார் ஆஃப் சோப்", அரிசிமணிக்கு "எ கிரெய்ன் ஆஃப் ரைஸ்". பன்மை விகுதி அலகின்மேல்தான் விழும், பொருளின்மேல் விழாது. 'நியூஸ்' என்ற சொல் 'எஸ்' எழுத்தில் முடிந்தாலும் ஒருமைதான்: "த நியூஸ் இஸ் குட்". மேத்தமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ் முதலிய பாடப்பெயர்களும் அப்படியே.

சில சொற்கள் இரு பக்கமும் நிற்கும். தலைமுடி முழுவதையும் குறித்தால் "ஹெர் ஹேர் இஸ் லாங்" என்று ஒருமை. சாம்பாரில் கிடந்த முடியைக் குறித்தால் "எ ஹேர்", "டூ ஹேர்ஸ்". பணி அனுபவத்தைச் சொல்லும்போது "ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்". இங்கே அனுபவம் அளக்கப்படுகிறது. பயணத்தில் கண்ட சம்பவங்களைச் சொல்லும்போது "மெனி எக்ஸ்பீரியன்சஸ்" சரியாகும். வேலை விண்ணப்பத்தில் இந்த இரண்டும் இடம் மாறினால் பொருளே மாறிவிடும்.

இரண்டாம் படி: கொஞ்சமா, இல்லவே இல்லையா?

முதல் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் அடுத்தது எளிது. எண்ணக்கூடியவற்றுக்கு 'மெனி', 'ஃப்யூ', 'ஃப்யூயர்'. அளக்கக்கூடியவற்றுக்கு 'மச்', 'லிட்டில்', 'லெஸ்'. இரண்டுக்கும் பொதுவாக 'எ லாட் ஆஃப்', 'சம்', 'இனஃப்', 'மோர்'. ஐயம் வந்தால் பொதுச்சொல்லைப் பிடித்துக்கொண்டால் பிழை வராது.

கவனம் தேவைப்படுவது 'எ' என்ற ஒற்றை எழுத்தில். "ஐ ஹேவ் எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்" என்றால் எனக்குச் சில நண்பர்கள் உண்டு என்ற நிறைவு. "ஐ ஹேவ் ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்" என்றால் நண்பர் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக யாருமில்லை என்ற குறை. "தேர் இஸ் எ லிட்டில் ஹோப்" என்று மருத்துவர் சொன்னால் மூச்சு விடலாம். "தேர் இஸ் லிட்டில் ஹோப்" என்றால் நிலைமை வேறு. தமிழில் 'சில நண்பர்கள் உண்டு', 'நண்பர்கள் அதிகம் இல்லை' என்று வினைமுற்றை மாற்றிக் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் ஓர் எழுத்தில் வைத்திருக்கிறது. அவசரத்தில் அதை விழுங்கிவிடுவது, பொருளைத் தலைகீழாக்கும் பிழை. மற்ற பிழைகளை எல்லாம் பிறகு திருத்தலாம், இதை இன்றே திருத்துங்கள் என்பேன்.

'லெஸ்', 'ஃப்யூயர்' விவகாரம் ஆங்கிலேயர்களையே பிரித்துவைத்திருக்கிறது. கடைகளின் விரைவுக் கவுன்ட்டர்களில் "டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்" என்று தொங்கிய பலகைகளை இலக்கணப் பற்றாளர்கள் விடாமல் குறை சொல்லிவந்தார்கள். பிரிட்டனின் டெஸ்கோ நிறுவனம் 2008இல் அதை "அப் டு டென் ஐட்டம்ஸ்" என்று மாற்றிப் பிரச்சினையைத் தாண்டிப் போனது. எழுத்தில் "ஃப்யூயர் ஸ்டூடன்ட்ஸ்", "லெஸ் வாட்டர்" என்று பிரித்து எழுதுவதே பாதுகாப்பு. பணம், தூரம், நேரம் ஆகியவற்றுக்கு மட்டும் எண் இருந்தாலும் 'லெஸ்'தான்: "லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்", "லெஸ் தேன் எ ஹண்ட்ரட் ருபீஸ்". ஐந்து கிலோமீட்டரை நாம் ஐந்து தனிப்பொருளாக நினைப்பதில்லை, ஒரே தூரமாகத்தான் நினைக்கிறோம்.

மூன்றாம் படி: விடுப்புக் கடிதத்தின் 'டூ டேய்ஸ்'

தமிழ்நாட்டில் பள்ளி சென்ற ஒவ்வொருவரும் எழுதிய ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு: இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்பது. அதைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். சரியான வடிவங்கள் இரண்டு. "டூ டேய்ஸ் லீவ்" என்று எழுதினால், 'டேய்ஸ்' என்பதன் கடைசி எழுத்தான 'எஸ்'ஸுக்குப் பிறகு மேற்கோள்குறி போன்ற சிறு கொக்கி, அதாவது அப்பாஸ்ட்ரஃபி, போட வேண்டும். இரண்டு நாள்களுக்கு உரிய விடுப்பு என்பது பொருள். அல்லது "எ டூ-டே லீவ்" என்று, முன்னால் 'எ' சேர்த்து, 'டூ'வையும் 'டே'யையும் சிறுகோட்டால் இணைத்து, 'எஸ்' இல்லாமல் எழுத வேண்டும். இந்த இரண்டையும் கலந்து "எ டூ டேய்ஸ் லீவ்" என்று எழுதுவதுதான் தவறு.

இதற்குப் பின்னால் உள்ள விதி பல இடங்களில் கைகொடுக்கும். எண்ணும் அலகும் சேர்ந்து ஒரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக நின்றால், அலகு 'எஸ்'ஸை இழக்கும், நடுவில் சிறுகோடு வரும். ஆங்கில அடைமொழி பன்மை ஏற்பதில்லை என்பதே காரணம். "எ டென்-ருபீ நோட்", "எ த்ரீ-அவர் ஜர்னி", "எ சிக்ஸ்-ஃபுட் வால்". விதி மறந்துபோனால் ஃபைவ் ஸ்டார் ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் அதை ஃபைவ் ஸ்டார்ஸ் ஹோட்டல் என்று சொல்வதில்லை.

வயதும் இப்படித்தான். "ஹி இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்" என்பதில் அலகு பெயருக்கு முன்னால் நிற்கவில்லை, எனவே 'எஸ்' உண்டு. "எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்" என்பதில் 'எஸ்' இல்லை, சிறுகோடுகள் இரண்டு. பத்து உறுப்பினர் கொண்ட குழு "எ டென்-மெம்பர் கமிட்டி".

நான்காம் படி: நூறு, ஆயிரம், லட்சம், மில்லியன்

குறிப்பிட்ட எண்ணிக்கை முன்னால் இருந்தால் ஹண்ட்ரட், தவுசண்ட், மில்லியன், டஜன் எவையும் 'எஸ்' ஏற்காது: "டூ ஹண்ட்ரட் ருபீஸ்", "ஃபைவ் தவுசண்ட் பீப்பிள்", "த்ரீ டஜன் பனானாஸ்". எண்ணிக்கை தெரியாமல் 'நூற்றுக்கணக்கான', 'ஆயிரக்கணக்கான' என்று சொல்லும்போது 'எஸ்' வரும், கூடவே 'ஆஃப்' வரும்: "ஹண்ட்ரட்ஸ் ஆஃப் ஃபேமிலீஸ்", "தவுசண்ட்ஸ் ஆஃப் பீப்பிள்". நம் 'கணக்கான' இருக்கும் இடமெல்லாம் அவர்களுக்கு 'எஸ் ஆஃப்' என்று வைத்துக்கொண்டால் போதும்.

லட்சமும் கோடியும் இந்திய ஆங்கிலத்தில் முழு உரிமையோடு இருக்கும் சொற்கள். இந்திய வாசகர்களுக்கு எழுதும்போது அவற்றை விடத் தேவையில்லை. வெளிநாட்டு அலுவலகத்துக்கு எழுதும்போது மாற்றியாக வேண்டும். பத்து லட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி பத்து மில்லியன். நூறு கோடி ஒரு பில்லியன். ஒரு லட்சம் கோடி ஒரு டிரில்லியன். காற்புள்ளியும் இடம் மாறும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. இதையே வெளிநாட்டு வாசகருக்கு 72,147,030 என்று எழுத வேண்டும். படிக்கும்போது "செவன்ட்டி-டூ மில்லியன், ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபார்ட்டி-செவன் தவுசண்ட், அண்ட் தர்ட்டி". நம் முறையில் வலப்பக்கம் மூன்று இலக்கம், அதன்பின் இரண்டிரண்டாக. அவர்கள் முறையில் எங்கும் மும்மூன்றாக.

பழைய பிரிட்டிஷ் நூல்களில் பில்லியன் என்று கண்டால் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே அந்தச் சொல் மில்லியன் மில்லியனைக் குறித்தது. அமெரிக்கர்களின் ஆயிரம் மில்லியன் கணக்கை பிரிட்டிஷ் அரசு 1974இல்தான் அதிகாரபூர்வமாக ஏற்றது. பழைய ஆவணங்களை மொழிபெயர்க்கிறவர்கள் ஆண்டைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: வினை ஒருமையா, பன்மையா?

இங்கே பெரும்பாலான குழப்பங்கள் 'ஆஃப்' என்ற சொல்லைச் சுற்றியே இருக்கின்றன.

"ஒன் ஆஃப்" என்று தொடங்கினால் அடுத்து வரும் பெயர் பன்மை, வினை ஒருமை: "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்". பலரில் ஒருவர் என்பதால் 'ஃப்ரெண்ட்ஸ்', செயல் அந்த ஒருவருடையது என்பதால் 'இஸ்'. தமிழர்களின் ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் கண்ணில் படும் பிழை இதுதான் என்பது என் கணிப்பு. 'ஈச் ஆஃப்' என்பதும் இதே வழியில் போகும்: "ஈச் ஆஃப் த பாய்ஸ் ஹேஸ் எ பேக்". 'எவ்ரி' தனியாக வரும்போது பெயரும் வினையும் ஒருமை: "எவ்ரி ஸ்டூடன்ட் ஹேஸ்".

"எ நம்பர் ஆஃப்" என்றால் 'பல' என்று பொருள், வினை பன்மை: "எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்". "த நம்பர் ஆஃப்" என்றால் 'எண்ணிக்கை' என்று பொருள், வினை ஒருமை: "த நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ஸ்மால்". போட்டித் தேர்வுகளில் இதைக் கேட்காத ஆண்டே இருக்காது என்று சொல்லும் அளவுக்குப் பழகிய கேள்வி.

பின்னமும் சதவீதமும் 'ஆஃப்'புக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து நடக்கும். "டூ-தர்ட்ஸ் ஆஃப் த லேண்ட் இஸ் டிரை", ஏனெனில் நிலம் ஒன்று. "டூ-தர்ட்ஸ் ஆஃப் த ஃபார்மர்ஸ் ஆர் இன் டெட்", ஏனெனில் விவசாயிகள் பலர். 'ஹாஃப் ஆஃப்', 'மோஸ்ட் ஆஃப்', 'ஆல் ஆஃப்', 'த மெஜாரிட்டி ஆஃப்' எல்லாவற்றுக்கும் இதே சோதனை.

தொகை, தூரம், காலம் ஆகியவற்றை ஒரே அளவாகக் கருதும்போது பன்மைப் பெயருக்கும் ஒருமை வினை வரும்: "டென் தவுசண்ட் ருபீஸ் இஸ் எ பிக் அமௌன்ட்". 'பத்தாயிரம் ரூபாய் பெரிய தொகைதானே' என்று நாமும் ஒருமையில்தான் முடிக்கிறோம். இங்கே தமிழ் காது உதவுகிறது.

ஆறாம் படி: தமிழிலிருந்து அப்படியே பெயர்க்கக் கூடாதவை

'இருவரும் வரவில்லை' என்பதை "போத் டிட் நாட் கம்" என்று எழுதுகிறோம். ஆங்கிலேயருக்கு இது ஒருவர் மட்டும் வந்தார் என்பதுபோலவும் ஒலிக்கும். "நெய்தர் ஆஃப் தெம் கேம்" என்பதே சரி. 'எல்லோரும் வரவில்லை' என்பதும் இப்படிப்பட்டதே. யாருமே வராவிட்டால் "நோபடி கேம்". சிலர் மட்டும் வந்திருந்தால் "நாட் எவ்ரிபடி கேம்".

'வீட்டில் நாங்கள் நான்கு பேர்' என்பது "வீ ஆர் ஃபோர் மெம்பர்ஸ்" ஆகாது. "தேர் ஆர் ஃபோர் ஆஃப் அஸ்" என்று சொல்வதே அவர்கள் வழக்கு. 'பத்திலிருந்து இருபதுக்குள்' என்பதை "பிட்வீன் டென் டு ட்வென்ட்டி" என்று எழுதக் கூடாது. 'பிட்வீன்' வந்தால் 'அண்ட்', 'ஃப்ரம்' வந்தால் 'டு'. 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்பதற்கு "எவ்ரி அதர் டே".

'எத்தனையாவது' என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை என்பது ஊரறிந்த செய்தி. வாக்கியத்தை மாற்றிக் கேட்டால் வேலை முடிந்துவிடும். அப்துல் கலாம் இந்தியாவின் 11ஆவது குடியரசுத் தலைவர். இந்த விடை வர வேண்டுமானால் "ஹவ் மெனி பிரசிடென்ட்ஸ் டிட் இந்தியா ஹேவ் பிஃபோர் கலாம்?" என்று கேட்டு, வரும் பத்தோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று அறிய "ஆர் யூ த எல்டஸ்ட்?" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவரே மீதியைச் சொல்லிவிடுவார்.

அரையும் ஒன்றரையும் தனிக் கவனம் கேட்பவை. நம் 'ஒன்றரை மணி நேரம்' என்பதில் அரை ஒட்டிக்கொண்டு வருவதால் "ஒன் அண்ட் ஹாஃப் ஹவர்" என்று வந்துவிடுகிறது. நடுவில் 'எ' வேண்டும், பெயர் பன்மையாக வேண்டும்: "ஒன் அண்ட் எ ஹாஃப் ஹவர்ஸ்". "அன் ஹவர் அண்ட் எ ஹாஃப்" என்பது பேச்சில் இன்னும் இயல்பு. அரை மணி நேரம் "ஹாஃப் அன் ஹவர்", முக்கால் மணி நேரம் "த்ரீ-குவார்ட்டர்ஸ் ஆஃப் அன் ஹவர்".

சதவீதத்தில் ஒரு நுணுக்கம். வட்டி விகிதம் 6 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக உயர்ந்தால், உயர்வு 2 சதவீதப் புள்ளிகள், ஆங்கிலத்தில் 'டூ பர்சன்டேஜ் பாயின்ட்ஸ்'. பழைய விகிதத்தோடு ஒப்பிட்டுச் சதவீதத்தில் சொன்னால் அது 33 சதவீதத்துக்கும் மேற்பட்ட உயர்வு. செய்தி எழுதுகிறவர்கள் இதைக் குழப்பினால் வாசகர் தவறான கணக்கை நம்பிவிடுவார்.

ஏழாம் படி: எழுதும்போதும் சொல்லும்போதும்

எழுத்து வழக்கில் சில செய்திகள் போதும். வாக்கியத்தை இலக்கத்தில் தொடங்கக் கூடாது. சொல்லாக எழுதுங்கள், அல்லது வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். ஒன்பது வரை சொல்லிலும் அதற்கு மேல் இலக்கத்திலும் எழுதுவது பரவலான வழக்கம். அலகோடு வரும் அளவுகள் எப்போதும் இலக்கத்தில் இருக்கலாம். 21 முதல் 99 வரை சொல்லில் எழுதும்போது சிறுகோடு உண்டு, பத்தின் மடங்குகளுக்குத் தேவையில்லை. எழுத்துக்கூட்டலில் நான்கு பொறிகள்: ஃபோர், ஃபோர்ட்டீன் இரண்டிலும் இருக்கும் 'யூ' எழுத்து ஃபார்ட்டியில் இல்லை, நைனில் இருக்கும் 'ஈ' நைன்த்தில் இல்லை, நைன்ட்டியில் உண்டு, எய்ட்த் என்பதில் 'டி' எழுத்து ஒன்றே, ட்வெல்வின் 'வி', ட்வெல்ஃப்த்தில் 'எஃப்' ஆகிறது.

தேதியில் எச்சரிக்கை தேவை. 8/9/2024 என்று எழுதினால் நமக்கு அது செப்டம்பர் 8, அமெரிக்கருக்கு ஆகஸ்ட் 9. மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் வம்பில்லை. ஆண்டைச் சொல்லும்போது 1947 "நைன்டீன் ஃபார்ட்டி-செவன்", 1905 "நைன்டீன் ஓ ஃபைவ்", 2005 "டூ தவுசண்ட் அண்ட் ஃபைவ்". அந்த 'அண்ட்' பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்கர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டும்: 3.14 என்பது "த்ரீ பாயின்ட் ஒன் ஃபோர்". 'ஃபோர்ட்டீன்' என்று சொன்னால் தவறு. சுழியம் கால்பந்தில் 'நில்', டென்னிசில் 'லவ்', தொலைபேசி எண்ணில் 'ஓ', வெப்பநிலையில் 'ஸீரோ'. ஸீரோவுக்குப் பின் பெயர் பன்மையாக வரும்: "ஸீரோ டிகிரீஸ்".

காதில் குழம்புபவை ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும், தர்ட்டீனும் தர்ட்டியும். 'டீன்' எண்களில் அழுத்தம் பின்பாதியில் விழும், கடைசி ஒலி நீளும். 'டி' எண்களில் அழுத்தம் முன்பாதியில், கடைசி ஒலி குறுகும். தொலைபேசியில் பணத்தொகை சொல்லும்போது இந்த வேறுபாட்டை மட்டும் நம்ப வேண்டாம். எண்ணைச் சொன்ன கையோடு "ஒன் ஃபைவ்" அல்லது "ஃபைவ் ஓ" என்று இலக்கங்களைப் பிரித்தும் சொல்லிவிடுங்கள்.